சாலம்மாள் உட்காரும் பக்கம்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிய பூமாலைக்குப் பாதிப் பார்வைதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அவன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ஜீப்பில் இருந்தது. அந்த ஜீப்புக்கு ஸ்டேரிங் இடது பக்கம். நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது ஓரமாகப் போகின்றன. ஓட்டுகிறவன் வலது பக்கம் உட்கார்ந்தால்தான் முன்னே போகிற லாரியைத் தாண்டி எதிரே வருவது தெரியும். இடது பக்கம் உட்கார்ந்தவனுக்கு லாரியின் முதுகும் ஓரத்து முள்செடியும்தான் தெரியும். அதனால் வலது பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் உட்கார்ந்து, எட்டிப் பார்த்து, வழி சொல்லியாக வேண்டும். அந்த ஆளுக்குக் கண்ணு என்று பெயர். பூமாலைக்குக் கண்ணாக இருந்தது அவன் பெண்டாட்டி சாலம்மாள்.

சாலம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். கோபக்காரி, யாருக்கும் அடங்காதவள் என்பார்கள். அந்தக் கோபத்தில் முக்கால் பங்கு நியாயம். மிச்சம் பிறவிக் குணம். எலவனாசூர்கோட்டையில் அடுத்தவன் நிலத்தைக் குத்தகைக்கு உழுத வீட்டில் பிறந்தவள். அறுவடை அன்றைக்கு நிலத்துக்காரன் வரப்பில் நாற்காலி போட்டு உட்காருவதையும், அப்பன் கை கட்டி நிற்பதையும் பார்த்து வளர்ந்தவளுக்கு வாய் நீளாமல் வேறு எது நீளும்?

பூமாலை காட்டிலாகா ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்தபோது அவன் தம்பி வெற்றிவேல்தான் கண்ணு. அவன் லாரி வேலைக்கு ஓடிவிட்டான். "வேற ஆளு கெடைக்கிற வரிக்கும் ரெண்டு நாளு வந்து குந்து" என்று பூமாலை பெண்டாட்டியைக் கூப்பிட்டான். வேறு ஆளை அவன் தேடவே இல்லை. தேடினால் கூலி கொடுக்க வேண்டுமே! இரண்டு நாள் என்று ஏறியவள் பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நிறைமாதத்திலும் உட்கார்ந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏறுகிற ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி நீட்டி அவள் கழுத்து வலது பக்கம் சாய்ந்தே போனது. வெயிலும் புழுதியும் பட்டு முகத்தில் ஒரு பாதி மட்டும் கறுத்தது. வலது கண்ணில் சதா நீர் கசிந்தது.

அவளிடம் இரண்டே வார்த்தைகள் இருந்தன. எதிரே ஒன்றும் இல்லையென்றால் "வுடு." ஏதாவது வந்தால் "இரு." வாயே திறக்காமல் இருந்தால் அதற்கும் "இரு" என்றே அர்த்தம். இது இருவருக்கும் இடையே எழுதாத சட்டம். அவள் "வுடு" என்றால் பூமாலை யோசிக்க மாட்டான், ஏறிவிடுவான். இத்தனை வருஷத்தில் அவள் சொல்லித் தப்பாகப் போனதே கிடையாது. பூமாலையும் அதை ஒப்புக்கொள்வான். ஆனால் வீட்டுக்குள் மட்டும்.

கடுக்காய் மூட்டையும் புளி மூட்டையுமாகச் சந்தைக்கு இறங்குகிற மலை ஜனங்களுக்கு அவளைப் பிடிக்கும். "சாலம்மா குந்திக்கினா தூங்கிக்கினே போலாம்" என்பார்கள். ஜீப்பின் பின்புறம் சிவப்பு மையில் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பின்னால் வருகிறவனுக்கு எச்சரிக்கையாம். முன்னால் உட்கார்ந்து கழுத்து ஒடிகிறவளுக்கு ஒரு எழுத்தும் கிடையாது.

ஜீப் பழசாகிப் போனது. புதுசாக ஒன்று பார்க்கலாம் என்று இருவரும் சேலத்துக்குப் போனார்கள். ஜீப் விற்கும் கடையில் கழுத்தில் டை கட்டிய ஒரு ஆள் வந்து மரியாதையாக உட்காரச் சொன்னான். பூமாலை வாய் திறப்பதற்குள் சாலம்மாள் கேட்டுவிட்டாள்.

"இதே குட்டை ஜீப்புதாங்க வேணும். நீட்டு ஜீப்பு எங்க மலை வளைவுல ஒரே தடவையில திரும்பாது. ஆனா ஸ்டேரிங் இந்தப் பக்கம் இருக்கணும்."

"அது வராதும்மா. நீட்டு ஜீப்புதான் வலது பக்க ஸ்டேரிங்ல வருது. குட்டை ஜீப்பு இடது பக்கம் மட்டுந்தான்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

அவன் பொறுமையாகத்தான் சொன்னான். இந்த ஜீப்பின் வரைபடம் வெளிநாட்டிலிருந்து வந்தது. அங்கே எல்லோரும் சாலையின் வலது ஓரமாகப் போகிறவர்கள், அதனால் ஸ்டேரிங் இடது பக்கம். இங்கே கொண்டுவந்தவர்கள் அதை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள். அதை இந்தப் பக்கம் மாற்றுவது இடுப்புக் குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றுகிற மாதிரி இல்லை. பெடல்கள் மாற வேண்டும். அந்தப் பக்கம் போகிற புகைக்குழாய் நகர வேண்டும். தகடு அடிக்கிற அச்சைப் புதிதாகச் செய்து, ஓட்டிப் பார்த்து, அரசாங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும். அத்தனை செலவையும் வண்டி விற்றுத்தானே எடுக்க முடியும்? குட்டை ஜீப் வாங்குவது பட்டாளமும் காட்டிலாகாவும்; அப்புறம் மலைப்பக்கத்தில் கொஞ்சம் பேர். பட்டாளம் இதுவரை குறை சொன்னதில்லை.

பேச்சுவாக்கில் ஒரு வழுவழுப்பான படப் புத்தகத்தையும் விரித்துக் காட்டினான். அதில் ஒரு குட்டை ஜீப் செக்கச்செவேல் என்று பாறை மேல் ஏறி நின்றது.

"இது வெளிநாட்டுல வந்திருக்கற புது மாடல்மா. பிரேக்கு தொட்டா நிக்கும். இத நம்ம பக்கம் அனுப்பவே மாட்டாங்க. நம்ம பக்கம்னா இந்தியா மட்டும் இல்ல. இடது ஓரமா ஓட்டற நாடு எதுக்குமே கிடையாது. உலகத்துல முக்காவாசி நாடு அந்தப் பக்கந்தான் ஓட்டுது. கொஞ்ச பேருக்காக எவன் தனியா அச்சு செய்வான், சொல்லுங்க?"

"அப்ப கொஞ்ச பேரு சாவலாமா?" என்றாள் சாலம்மாள்.

அவன் சிரித்துவிட்டான். "ஏம்மா சாவணும்? பக்கத்துல ஒரு ஆளு உட்கார்ந்து பார்த்துச் சொன்னா போதுமே. எல்லாரும் அப்படித்தான ஓட்டறாங்க?"

அந்த ஒரு ஆள் தன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த பூமாலையும் சேர்ந்து சிரித்தான். அதில்தான் சாலம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் சின்னசேலம் தாண்டும்போது, பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்:

"கம்பெனி செய்யாம வுட்ட சாமான் இன்னா தெரியுமாய்யா? நான்தான். அச்சு செய்யற செலவ மிச்சம் புடிச்சானே, எல்லாம் என் கழுத்துலேருந்து புடிச்சது."

"ஆல இல்லாத ஊருக்கு இலுப்பப்பூ சக்கரடி. இருக்கறத வெச்சி ஓட்டுவோம்" என்றான் பூமாலை. பழைய ஜீப்பே ஓடியது.

எண்பத்தேழாம் வருஷம் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று தென்னார்க்காடு முழுக்க ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குச் சாலையில் சக்கரமே உருளக்கூடாது என்று முடிவாகி, அதற்கு ஊர் ஊராக ஆள் திரட்டினார்கள். சாலம்மாளுக்கு அதில் முழுச் சம்மதம். "எங்கப்பன் காலத்துலேருந்து கை கட்டி நின்னாச்சு. கேட்டாத்தான் குடுப்பான்" என்று அவளே நாலு பேரிடம் பேசினாள். அந்தப் பக்கத்துக்குத் தலைவராக இருந்தவர் தங்கமணி. நல்ல பேச்சுக்காரர். "நாம கொஞ்ச பேரு இல்ல, ஜாஸ்தி பேரு! எண்ணிப் பாருங்கடா!" என்று அவர் மேடையில் கத்தினால் கூட்டம் துள்ளும். சாலம்மாளும் கை தட்டினாள். தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "அப்ப நெசமாவே கொஞ்ச பேரா இருக்கறவன் இன்னா பண்ணுவான்? மலையில இருக்கறவன் எத்தினி பேரு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவள் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

எலவனாசூர்கோட்டையில் பெரிய கூட்டம் என்று தங்கமணி பூமாலையின் ஜீப்பை வாடகைக்குப் பேசிவிட்டார். பிறந்த ஊர்க் கூட்டம் ஆயிற்றே என்று சாலம்மாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தங்கமணி சலவை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து அந்தப் பக்கமே நின்றார். பெரிய மனிதர்களுக்கு முன் இருக்கைதானே மரியாதை? மற்ற ஜீப்பில் அது வெறும் இருக்கை. இந்த ஜீப்பில் அது கண்ணு உட்காரும் இடம். அவர் இறங்கச் சொல்லவில்லை. தொண்டையை மட்டும் கனைத்தார். பெரிய மனிதர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நின்றாலே போதும்.

"சாலா, பின்னால ஏறிக்க" என்றான் பூமாலை.

"யோவ், நான் பின்னால போனா நீ யாரு கண்ணுல ஓட்டுவ?"

"அதான் தலைவரு இருக்கறாரு இல்ல?"

"அவரு சொல்லுவாரா?"

பூமாலை உதட்டில் விரலை வைத்தான். தங்கமணி சிரித்தார். "இன்னாம்மா, ஒரு நாளைக்குப் பொம்பளயாட்டம் பின்னால குந்திக்கினு வாயேன்."

பின்னால் ஏற்கெனவே ஆட்கள் கொடிக்கம்புகளோடு நெருக்கியடித்து நின்றார்கள். அவர்கள் முழங்கால்களுக்கு நடுவே அவள் ஒடுங்கி உட்கார்ந்தாள். சாலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

தியாகதுருகம் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு லாரி. இரண்டு பக்கமும் கரும்பு பிதுங்க, சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பூமாலை பொறுமையாகப் பின்னாலேயே போனான். தங்கமணிதான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் காத்துக்கினு இருக்குது பூமாலை. எத்தினி நேரம் கரும்ப மோந்துக்கினே போவ? ஏறிப் போ" என்றார்.

பூமாலை கொஞ்சம் தயங்கினான். பக்கத்தில் இருக்கிற பெரிய மனிதரிடம், எதிரே வண்டி வருகிறதா பார்த்துச் சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? தலைவர் என்ன கிளீனரா? ஏதாவது வந்தால் அவரே சொல்லாமலா இருப்பார் என்று எண்ணிக்கொண்டான். பத்து வருஷத்துச் சட்டம் அந்த ஒரு நிமிஷத்தில் தலைகீழாகிவிட்டது. சாலம்மாள் வாய் மூடியிருந்தால் "இரு." தலைவர் வாய் மூடியிருந்தால் "வுடு."

கியர் மாறுகிற சத்தம் பின்னால் இருந்தவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை வரவேண்டும் என்று அவள் உடம்புக்கே தெரியும். வரவில்லை. எதையும் பார்க்காமலே, "இரு! இரு!" என்று அலறினாள். கோஷம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீப் வலது பக்கம் ஒடித்து ஏறியது.

எதிரே சைக்கிளில் மாட்டுக்குப் புல்கட்டு ஏற்றிக்கொண்டு வந்தவன் பாவாடை. பக்கத்துக் கிராமத்தில் அன்றாடம் கூலிக்குப் போகிற ஆள். கட்டோடு சைக்கிளைச் சட்டென்று ஓரம் கட்ட அவனால் முடியவில்லை. ஜீப் அடித்துத் தூக்கிப்போட்டதில் உயிர் தங்கியது, இடது கால் தங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் பூமாலை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"தலைவரு பேரு கேஸ்ல வந்தா போலீஸ்காரன் அவரத் தூக்கி உள்ள வெச்சிடுவானாம். மறியலுக்கு ஆளு இல்லாம பூடும். ஊர்ப் பேச்சுலயே முடிச்சிக்கலாங்கறாங்க. நீதான் முன்னால குந்திக்கினு இருந்தன்னு சொல்லணும். நீ தப்பா சொல்லிட்ட, நான் ஏறிட்டேன்னு. உனுக்கு இன்னா லைசென்ஸா போவப் போவுது? எனுக்குப் போச்சின்னா சோத்துக்கு வழி?"

சாலம்மாளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் மூட்டை கட்டி இவள் தலையிலேயே ஏற்றப் பார்க்கிறார்கள். அவளுக்கென்று இந்த உலகத்தில் வீடு இல்லை, நிலம் இல்லை, கூலி இல்லை. அவள் சொன்னால் தப்பாது என்கிற ஒரு பேர் மட்டும் இருந்தது. அதைத்தான் கட்டினவன் கேட்கிறான். குடிக்க அடகு வைத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று தாலியைக் கேட்கிறவன் இவனைவிட மேல்.

"பேச்சுக்கு நான் வரேன்" என்று மட்டும் சொன்னாள். அவள் ஒப்புக்கொண்டாள் என்று பூமாலை நினைத்துக்கொண்டான்.

பாவாடை வீட்டு வாசலில் ஊர்ப் பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கமணியும் வந்திருந்தார். பாவாடையின் பெண்டாட்டி சின்னப்பொண்ணு சுவரோரம் நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே வந்தவள். சேலையில் மருந்து வாடை போகவில்லை. பெரியவர்கள் ஏதோ பீடிகை போடத் தொடங்கினார்கள். அவள் இடைமறித்து ஒரே கேள்விதான் கேட்டாள்.

"முன்னால குந்திக்கினு இருந்தது யாரு?"

பூமாலை பெண்டாட்டியைப் பார்த்தான். எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நான் இல்ல" என்றாள் சாலம்மாள். "நான் பின்னால கொடிக்கம்புங்களோட கெடந்தேன். முன்னால குந்திக்கினு வந்தது இதோ இவருதான்."

வாசலில் சலசலப்பு எழுந்தது. தங்கமணி எழுந்து நின்று கையை உயர்த்தினார். "இந்தம்மா பின்னாலேருந்து கத்துனதுலதான் டிரைவரு தடுமாறிட்டாரு. நான் நேராதான் பார்த்துக்கினு வந்தேன். சைக்கிள் வர்றதும் தெரிஞ்சுது. டிரைவருக்கும் தெரியுதுன்னுதான் நெனச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது.

"தெரிஞ்சுதா?" என்றாள் சாலம்மாள். அவரிடம் அவள் அதுவரை நீங்க என்றுதான் பேசியிருக்கிறாள். "உன் கண்ணு பாத்துச்சு. வாயி எங்கய்யா போச்சு? மேடை ஏறுனா அத்தினி நீட்டமா இருக்குதே, ஒரு 'இரு' சொல்ல வரலயா? கண்ணு வேலை பாக்குறது உனுக்குக் கேவலம். ஆனா கண்ணு குந்தற எடம் மட்டும் வேணும்!"

"சாலா, போதும்" என்றான் பூமாலை.

"நீ பேசாதய்யா! ஒரு வார்த்த, பின்னால குந்துங்கன்னு ஒரே ஒரு வார்த்த உன்னால சொல்ல முடியல. பெண்டாட்டியப் பொய் சொல்லச் சொல்ல மட்டும் வாயி வந்துது." அவளுக்கு மூச்சு இரைத்தது. "சேலத்துல ஒருத்தன் இருக்கறான், டை கட்டிக்கினு. கொஞ்ச பேருக்காக ஸ்டேரிங்க மாத்த முடியாதாம். பக்கத்துல ஒரு ஆளு குந்தினா போதுமாம். அவன் கம்பெனி செலவு மிச்சம் புடிச்சான். நீ மரியாதைய மிச்சம் புடிச்ச. இவரு கவுரவத்த மிச்சம் புடிச்சாரு. எல்லாத்துக்கும் சேத்து இந்தப் புள்ளயோட புருசன் காலக் குடுத்துட்டான்."

சின்னப்பொண்ணு அப்போதுதான் அழுதாள்.

போலீஸில் கேஸ் எழுதினார்கள். பூமாலையின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தங்கமணியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. செய்யமாட்டார்கள் என்பது சாலம்மாளுக்குத் தெரியாதா என்ன? மறியல் வாரமும் வந்தது. வெட்டிய புளியமரங்கள் சாலையின் குறுக்கே விழுந்தன. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வந்தது. செத்தவர்களுக்காக அவளும் அழுதாள். கேட்டது நியாயந்தான் என்று அப்போதும் சொன்னாள். ஜீப் வாசலில் நின்று டயர் இறங்கியது. அவள் கரும்பு வெட்டப் போனாள், பூமாலை மூட்டை தூக்கப் போனான். ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். ஆனால் அவள் அவனோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் லைசென்ஸ் திரும்பி வந்தது. ஜீப் மறுபடி மலை ஏறியது. சாலம்மாள் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அப்போதும் அவளிடமிருந்து அந்த இரண்டு வார்த்தைகள்தான் வந்தன. "வுடு." "இரு." இறங்கியபின் அதுவும் இல்லை. மலை ஜனங்கள் இதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்கள்.

ஒரு சந்தை நாளில் கச்சிராயபாளையத்தில் ஜீப் நின்றது. தங்கமணி மலைக்குப் போக வேண்டுமென்று வந்தார். பழக்கதோஷம், நேரே முன்பக்கம் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். சாலம்மாள் அசையவில்லை. பூமாலை இரண்டு கையாலும் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டான். அவரை நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் இல்லை. ஆனால் சொல்லிவிட்டான்.

"அது அவ குந்தற எடம்ங்க. பின்னால ஏறுங்க."

பின்னால் இருந்தவர்கள் மூட்டைகளை நகர்த்தி இடம் விட்டார்கள். தங்கமணி வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஏறிக்கொண்டார். பூமாலை பெண்டாட்டி பக்கம் திரும்பினான். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவன் முகம் காத்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா பாவாடைக்கு ரெண்டு காலு இருந்திருக்கும்" என்றாள். பிறகு கழுத்தை வெளியே நீட்டி, சாலையைப் பார்த்து, "வுடு" என்றாள்.